ஒரே பாட்டுக்கு ஒரு பெட்டி

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹிகுமா தெட்சுவோ பல் டாக்டர் வீட்டுக் கூரையில் நின்று, டிஷ் ஆன்டெனாவில் அப்பியிருந்த பனியைத் துடைப்பத்தால் தட்டிக்கொண்டிருந்தார். பிப்ரவரி மாதத்துத் தோகாமாச்சியில் அவர் பிழைப்பு பாதி நாள் இப்படித்தான். பனி ஏறினால் படம் போகும், படம் போனால் போன் வரும். அவருக்கு வயது அறுபத்தொன்று. முழங்கால்களுக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி தொகியே.

"எங்க இருக்கீங்க?"

"கூரை மேல."

"அப்ப எதையாவது கெட்டியாப் புடிச்சுக்கோங்க. கம்பெனி வட்டார ஆபீஸ்லேர்ந்து பேக்ஸ் வந்திருக்கு. நேத்து செய்தியில சொன்னது நெசந்தான். கடையக் கட்டிட்டாங்களாம்."

"யாரு கடைய?"

"உங்க எச்.டி. டி.வி.டி. கடையத்தான். இனிமே அந்த மெஷினே செய்யப் போறதில்லையாம். ப்ளூ-ரேக்காரங்க ஜெயிச்சாச்சு."

'உங்க' என்று அவள் அழுத்திச் சொன்னது, கூரையில் நின்றவர் காதிலும் நன்றாக விழுந்தது. ஏதோ அவரே வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து அந்த டிஸ்க்கைக் கண்டுபிடித்ததுபோல.

அவர் கண்டுபிடிக்கவுமில்லை, தேர்ந்தெடுக்கவுமில்லை. துல்லியமான படத்தைப் பதிய இரண்டு வகை டிஸ்க் வந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஒன்றின் டிஸ்க் மற்றதன் பெட்டியில் ஓடாது, அவ்வளவுதான் சங்கதி. நிறுவனங்கள் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று நின்றுகொண்டன. ஹிகுமாவின் கடைப் பலகையில் முப்பத்து நான்கு வருஷமாக ஒரே நிறுவனத்தின் பெயர். அந்த ஊரில் சின்ன கரண்டுக் கடை என்றால் அப்படித்தான். ஒரு வீட்டில் பெண் எடுத்தவன் அந்த வீட்டுச் சண்டையையும் சேர்த்துச் சுமக்கிற மாதிரி, நிறுவனம் எச்.டி. டி.வி.டி. பக்கம் நின்றது, ஹிகுமாவும் நின்றார்.

கூரையிலிருந்து இறங்கி, கடைக்கு வந்து, பேக்ஸை மூன்று முறை படித்தார். விற்பனை நிறுத்தம். விற்ற ரெக்கார்டர் பெட்டிகளுக்கு எட்டு வருஷம் உதிரிப் பாகம் உண்டு. விற்காதவற்றை மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். விற்காதது ஒன்றே ஒன்று, அட்டைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியின் மேல் இருந்தது. விற்றது ஏழு.

"இனிப்பு வாங்கிட்டு வா, ஏழு பொட்டி" என்றார்.

"ஒருத்தரும் வந்து கேக்கல. அதுக்குள்ள எதுக்கு ஓடணும்?"

"கேக்கறதுக்கு முன்னாடி போனாத்தான் மன்னிப்பு. கேட்டப்புறம் போனா அது சமாதானம்."

தொகியே முணுமுணுத்தபடியே போனாலும் வாங்கி வந்தது நல்ல கடையின் பயறு இனிப்புதான், செங்கல் மாதிரி கனம். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கையில் கனமான இனிப்பு இருக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஆறு வீடுகள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டன. ஹிகுமா வாசலில் நின்று இடுப்பு முறிய வணங்கினார். அவர்கள் பதறினார்கள், பிறகு சிரித்தார்கள். முடிவெட்டுகிற இவாஃபுச்சி, "டிஸ்க்கா? அதுல டிஸ்க் வேற போடலாமா? நான் பெட்டிக்குள்ளயே பதிஞ்சு பாத்துட்டு அழிச்சுடறேன்யா" என்றார். அரிசி மண்டிக்காரர் இனிப்புப் பெட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் ஏதாவது தோத்துப் போற சாமானா வித்துட்டுப் போ" என்றார். யாருக்கும் கோபம் இல்லை. ஆறு வீட்டிலும் அந்த டிஸ்க் தட்டை ஒருத்தரும் திறந்ததே இல்லை. எந்தப் பக்கம் ஜெயித்தால் அவர்களுக்கு என்ன?

ஏழாவது வீடு கினுவே அக்காவுடையது. அதை அவர் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகும் வண்டியை எடுக்காமல், கடையில் பழைய பல்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவளிடம் அவர் பொய் சொல்லியிருந்தார்.

போன ஜூலையில் கினுவேயும் அவள் புருஷன் ஷோஸோவும் ரெக்கார்டர் வாங்க வந்தார்கள். ஷோஸோ ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க அவர் குரல் தெரியும். சைத்தாமாவில் இருக்கும் மகன் போனில், "ப்ளூ-ரே வாங்குங்க" என்று சொல்லியிருந்தானாம். "கரண்டுக்காரரே, நீ சொல்லு, எது?" என்று கினுவே கேட்டாள்.

அதற்கு முந்தின வாரம்தான் ஹிகுமா, கம்பெனிப் பெயர் பொறித்த மேல்சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, திருடன் மாதிரி புறவழிச்சாலைப் பெரிய கடைக்குப் போயிருந்தார். அங்கே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தார். ஒரே கடல், ஒரே கிளி, ஒரே பனிமலை. முப்பத்து நான்கு வருஷம் டி.வி. விற்ற கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைக்காரப் பையன் வந்து, "ஐயா, இப்ப வாங்காதீங்க. எது நெலைக்கும்னு எங்களுக்கே தெரியல, பொறுத்துக்கோங்க" என்றான். ஹிகுமாவுக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டையும் வைத்திருக்கிறவனால்தான் 'பொறுங்கள்' என்று சொல்ல முடியும். அவர் கடையில் அந்த வார்த்தைக்கு இடமில்லை.

ஆகவே கினுவேயிடம், "அக்கா, எங்கிட்ட இருக்கறது இதுதான்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இதுதான் ஜெயிக்கும்" என்றார்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. செப்டம்பரில் டி.வி.யின் பாட்டுப் போட்டி ஊர் மண்டபத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் மேடையேறிப் பாடுவார்கள். நன்றாகப் பாடினால் மணிகள் வரிசையாக முழங்கும், பாடாவிட்டால் ஒரே ஒரு மணி, 'டங்'. ஷோஸோ தன் பழைய டிரைவர் தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு ஒரு துறைமுகப் பாட்டைப் பிடித்தார். நாற்பது விநாடி. டங். மணி அடித்தவரைப் பார்த்து ஷோஸோ, பஸ் நிறுத்தத்தில் பயணியை இறக்கிவிடுகிறவர் மாதிரி தொப்பியைத் தொட்டார். மண்டபமே சிரித்தது. டி.வி.யில் வந்த அந்த நிகழ்ச்சியைக் கினுவே புது ரெக்கார்டர் பெட்டிக்குள் பதிந்து வைத்திருந்தாள்.

அக்டோபரில் ஹிகுமா அந்த வீட்டுக்குப் பல்பு மாற்றப் போனவர், "பெட்டிக்குள்ள இருந்தா ஒரு நாள் கெட்டுப் போகும்" என்று சொல்லி, முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, ஷோஸோவின் நாற்பது விநாடியை மட்டும் டிஸ்க்குக்கு மாற்றினார். "நூறு வருஷம் இருக்கும், அக்கா." அந்தக் காலத்து ஒளிபரப்பு விதிப்படி டி.வி. நிகழ்ச்சியை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. டிஸ்க்குக்குப் போனால் பெட்டியில் அழிந்துவிடும். டிஸ்க்கிலிருந்து வேறெங்கும் போகவும் போகாது. டிசம்பரில் ஷோஸோ மூளையில் ரத்தக் கசிவு வந்து இறந்துபோனார். அவர் குரல் இப்போது உலகத்தில் ஒரே ஒரு டிஸ்க்கில் இருக்கிறது. அந்த டிஸ்க் ஓடுகிற பெட்டியைத்தான் இனி யாரும் செய்யப்போவதில்லை.

"பல்பு போதும், கெளம்புங்க" என்றாள் தொகியே. "பயமா இருந்தா நானும் வரட்டுமா?"

"நீ வந்தா அக்கா பக்கம் சேந்துக்குவ."

"பின்ன உங்க பக்கம் யார் சேருவா?"

கினுவே வீட்டு வாசலில் பனி ஜன்னல் உயரம் இருந்தது. ஹிகுமா உள்ளே போய், பாயில் நெற்றி படக் குனிந்தார். சாக்ஸ் இரண்டும் நனைந்திருந்தன.

"என்ன கரண்டுக்காரரே, எழுந்திரு. தலையில ரத்தம் ஏறிடப் போகுது. இந்த வீட்டுல ஒருத்தருக்கு ஏறினது போதும்."

அவர் எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். பேக்ஸ், எட்டு வருஷ உதிரிப் பாகம், வேறு எதற்கும் மாற்ற முடியாத டிஸ்க். பெரிய கடைக்குப் போனதையும் சொன்னார். "ஜெயிக்கும்னு சொன்னேன். எனக்குத் தெரியாது அக்கா. தெரியாமத்தான் சொன்னேன்."

கினுவே இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டுபோய், மாடத்தில் புருஷன் படத்துக்கு முன்னால் வைத்து, சின்ன மணியைத் தட்டிவிட்டு வந்தாள். எழுபத்து நான்கு வயதுக்கு நடை நேராக இருந்தது.

"இதுக்கா இந்தக் கும்பிடு? அவரு அன்னிக்கே சொன்னாரு. 'இருக்கறது அது ஒண்ணு, வேற எதச் சொல்லுவான் பாவம்'னாரு."

"அப்புறம் ஏன் வாங்குனீங்க?"

"பெரிய கடைப் பையன் வந்து கூரை ஏறுவானா?" அவள் டீயை ஊற்றி, உப்பில் ஊறவைத்த கீரையை அவர் பக்கம் தள்ளினாள். "எனக்கு உம் மேல கோவம் இல்லாமலும் இல்ல. ஆனா அது வேற கோவம்."

ஹிகுமா நிமிர்ந்தார்.

"முன்னாடி ரிமோட்ல ஒரு பட்டன அழுத்துவேன். அவரு பாடுவாரு. நீ பத்திரம் பண்றேன்னு அந்த டிஸ்க்குல போட்டுட்டுப் போன. அன்னியிலேர்ந்து எதை அழுத்தினாலும் என்னென்னமோ கேள்வி கேக்குது. டிஸ்க்கா பெட்டியான்னு கேக்குது. ஒரு நாள், 'அழிக்கவா'ன்னு கேட்டுச்சு. ரிமோட்டக் கீழ வச்சவதான். அப்புறம் தொடவே இல்ல."

"அப்ப... அண்ணன் போனதுக்கப்புறம் நீங்க..."

"ஒரு தடவகூடப் பாக்கல."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அக்கா!"

"எங்க வீட்டுக்காரரப் பாக்கணும், வந்து போட்டுக் குடுன்னு போன் போடச் சொல்றியா? டிஷ்ஷுல பனின்னா போடுவேன்."

எந்த டிஸ்க் ஜெயிக்கும், எது தோற்கும் என்று, சனிக்கிழமை வதந்தி கிளம்பியதிலிருந்து ஹிகுமா தூங்கவில்லை. இங்கே அக்டோபரிலேயே எல்லாம் தோற்றுப் போயிருக்கிறது. ஜெயித்த டிஸ்க்காக இருந்தாலும் இதே கதைதான். இவள் சீரியல் பதிகிற பெட்டியும் அதுதான், புருஷன் பாடுகிற பெட்டியும் அதுதான். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கேள்வி வருகிறது.

கீரையை மென்றுகொண்டே டி.வி.யின் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, "டீ ஆறட்டும். இதோ வரேன்" என்று எழுந்தார்.

கடையில் அவர் அலமாரியின் மேலிருந்த அட்டைப் பெட்டியை இறக்குவதைத் தொகியே பார்த்தாள்.

"அதத் திருப்பி அனுப்பணும்னு பேக்ஸ்ல இருக்கு."

"அந்த வரி மங்கலா இருந்துச்சுன்னு சொல்லு."

"தோத்துப் போன மெஷின் ஒண்ணு போதாதுன்னு ரெண்டாவதா? அக்கா கேட்டாங்களா?"

"கேக்கல. கேக்கறதுக்கு முன்னாடி போறேன்."

தொகியே உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடியை அட்டைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

கினுவே வீட்டில் வேலை ஒரு மணி நேரம் ஆனது. புதுப் பெட்டியை டி.வி.யோடு இணைத்து, சீரியல்களை எல்லாம் அதற்குக் கொடுத்தார். பழைய பெட்டியின் ஆன்டெனா கம்பியைக் கழற்றிவிட்டார். இனி அதற்குப் பதிவதற்கு ஒன்றுமில்லை, கேட்பதற்கும் ஒன்றுமில்லை. மாடத்துக்குப் பக்கத்தில், படுக்கையறையில் சும்மா கிடந்த சின்ன டி.வி.யைக் கொண்டுவந்து வைத்து, பழைய பெட்டியை அதோடு சேர்த்தார். டிஸ்க்கைத் துடைத்து உள்ளே தள்ளினார். பழைய ரிமோட்டில் இரண்டு பட்டன்களை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் மூடினார். ஒன்று பெட்டியை எழுப்புகிற பட்டன். இன்னொன்றில் சிவப்பு டேப்பைத் துளியூண்டு வெட்டி ஒட்டினார்.

"இதுல இனிமே அண்ணன் மட்டுந்தான். வேற எதுவும் பதியாது, எதையும் அழிக்கவும் முடியாது. சிவப்பு ஒண்ணுதான். அழுத்துங்க."

"நீ அழுத்து."

"நான் எப்பவும் இருக்க மாட்டேன்."

"நீ என்னைவிடச் சின்னவன், இருப்ப" என்று சொல்லிக்கொண்டே கினுவே கண்ணாடி போடாமல் விரலால் தடவி, டேப்பின் மேடு தட்டுப்பட்ட இடத்தில் அழுத்தினாள்.

பெட்டி முனகியது. அந்த வகைப் பெட்டிக்கு டிஸ்க்கைப் படிக்க ஒரு நிமிஷம் பிடிக்கும். எல்லோரும் குறை சொன்ன விஷயம் அது. இருவரும் இருண்ட திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். பிறகு ஷோஸோ வந்தார். தொப்பி, கையுறை, சிவந்த கழுத்து. இரண்டாவது அடியிலேயே சுருதி விலகியது. மூன்றாவதில் மூச்சு போதவில்லை. டங்.

ஷோஸோ தொப்பியைத் தொட்டார்.

கினுவே அழவில்லை. "அந்த மணிக்காரனுக்கு என்ன அவசரம்?" என்றாள். "அடுத்த அடியத்தான் இவரு நல்லாப் பாடுவாரு." பிறகு, "கையுறையப் பாரு, எப்படி வெள்ளையா இருக்கு. மூணு தரம் தோச்சேன்" என்றாள்.

சிவப்புப் பட்டனை மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை பெட்டி காக்கவைக்கவில்லை.

ஹிகுமா போர்வை மூடிய சூட்டு மேசைக்குள் காலை நீட்டினார். உலர்ந்த சாக்ஸ் இதமாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு உதிரிப் பாகம் உண்டு. இரண்டு பெட்டி என்றால் ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றதில் வைத்துப் பதினைந்து வருஷம் ஓட்டலாம். அப்போது அக்காவுக்கு எண்பத்தொன்பது, தனக்கு எழுபத்தாறு. அந்த வயதில் கூரை ஏற முடியுமா என்று யோசிக்கத் தொடங்கியவர், யோசனை முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

டங்.

"கரண்டுக்காரரே, ஏப்ரல்ல மகன் வரான். புது டி.வி. வாங்கித் தரானாம். எது வாங்கட்டும்?"

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. கினுவே அவர் தோள்மேல் போர்வையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமே என்று ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பட்டனும் டேப்புக்கு அடியில் போயிருந்தது.

அவள் சிவப்பையே அழுத்தினாள்.