இன்னும் ஒரு இன்ச்

போன சனிக்கிழமை ஜிம்மில் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அறுபத்தாறு வயதில், ட்ரெய்னரிடம்!

இவருக்கு எதுக்கு ஜிம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். தஞ்சாவூரில் எங்கள் தெருமுனை உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அது. படியேறும்வரை பூச்சிமருந்து நெடி, ஏறியபின் வியர்வை நெடி.

நான்கு மாதத்துக்கு முன் சேரப் போனபோது ட்ரெய்னர் ரியாஸ் ஒரு ஃபாரத்தை எடுத்தார். முப்பது வயதிருக்கும். துபாயில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

“உங்க டார்கெட் என்ன சார்? வெயிட் குறைக்கணுமா, சுகரா, முட்டி வலியா?”

“என் முதுகு எனக்கு எட்டணும்.”

பேனா நின்றுவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. மகன் கனடாவில். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தால் தலை, கை, கால் எல்லாம் ஆகிவிடும். நடுமுதுகு மட்டும் காய்ந்து கிடக்கும். முப்பத்தெட்டு வருஷம் அது அவள் பொறுப்பு. இப்போது வேர்க்குரு வந்தால்கூட, மாடு மாதிரி கதவு நிலையில் உரசிக்கொண்டு நிற்கிறேன்.

ரியாஸ் சிரிக்கவில்லை. “அப்ப ட்ரெட்மில் எல்லாம் உங்களுக்கு வேணாம் சார். தோள்பட்டைக்குத்தான் வேலை” என்றார்.

நியாயம்தானே? கீழே உரக்கடையில்கூட என்ன பயிர் என்று கேட்டுத்தானே மூட்டையை எடுக்கிறார்கள்? போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகிறவருக்குக் கயிறு ஏறும் பயிற்சி. கல்யாணத்துக்கு நாள் குறித்தவருக்குத் தொப்பையைக் கரைக்கும் பயிற்சி. எனக்கு ஒரு துண்டு! ஒரு முனையை மேலிருந்தும் மறுமுனையைக் கீழிருந்தும் பிடித்து, முதுகுக்குப் பின்னால் மெல்ல இழுக்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் பரீட்சை. ரியாஸ் பின்னால் நின்று, என் கை எட்ட வேண்டிய இடத்தில் விரலை வைப்பார். “இங்க சார்... வாங்க... இன்னும் கொஞ்சம்...”

முதல் தடவை அந்த விரல் பட்டபோது கையை நீட்டவே மறந்துவிட்டேன். முடிவெட்டுகிறவரைத் தவிர ஒரு வருஷமாக யாருமே என்னைத் தொடவில்லை — அப்போதுதான் அது உறைத்தது.

போன புதன்கிழமை குளிக்கும்போது கை எட்டிவிட்டது. நடுமுதுகில், அதே இடத்தில் சோப்பு! சந்தோஷத்தில் “இங்க பாரேன்” என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு வந்துவிட்டேன். யாரைக் கூப்பிட்டேன்? ஈரத்துண்டோடு திரும்பிப் போய் மிச்ச சோப்பைக் கழுவினேன்.

சனிக்கிழமை ரியாஸ் உற்சாகமாக இருந்தார். “இன்னிக்கு எட்டிடும் சார். எட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு? வீட்லயே பண்ணிக்கலாம்.”

விரலை வைத்தார். என் கை மேலே போயிற்று... போயிற்று... நின்றுவிட்டது.

“இன்னும் ஒரு இன்ச் இருக்கு ரியாஸ்.”

“பரவாயில்ல சார். அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

எட்டுவதற்கு நான்கு மாதம் பயிற்சி எடுத்தேன். எட்டாத மாதிரி நிற்பதற்கு இப்போது தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரியாஸ் பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை. நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்!