இரண்டு பெட்டிக்கு ஒரே எண்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், உட்காருவதற்கு முன்பே அக்காவின் கண் வைஃபை ரவுட்டரைத் தேடிவிடும். “கடையில குடுத்த நம்பரோடயே ஓடுதா? மாத்திடறேன், ரெண்டே நிமிஷம்” என்பார். அந்த இரண்டு நிமிஷம் இழுத்துக்கொண்டே போகும்; வீட்டில் டிவி நிற்கும், ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் தங்கை தன் வீட்டு ரவுட்டரை அலமாரி உச்சியில், பழைய சூட்கேசுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.

எல்லோருக்கும் அவர் நெட்வொர்க் அக்கா. சின்ன மருத்துவமனைகளையும், வீட்டிலிருந்தே ஸ்கேன் பார்க்கும் டாக்டர்களையும் வி.பி.என். எனும் தனி இணையப் பாதை போட்டு இணைப்பது தொழில். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் கதவிலக்கம்போல ரவுட்டர் கொடுக்கும் எண்கள், எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி இருப்பதில் அவருக்குத் தீராத எரிச்சல். “இங்கயும் பன்னெண்டாம் நம்பர், அங்கயும் பன்னெண்டாம் நம்பர்னா தபால்காரர் எங்க போடுவார்? கிட்ட இருக்கற வீட்லதான்.”

போன வாரம் தங்கை வீட்டில் இருந்தபோது ஒரு டாக்டர் தன் வீட்டிலிருந்து அழைத்தார். மாடிப்படியில் உருண்டு விழுந்த குழந்தையின் தலை ஸ்கேன், தொலைவிலுள்ள மருத்துவமனையில் ஸ்கேன்களைச் சேமிக்கும் பெட்டியில் இருக்கிறது. உள்ளே ரத்தம் கசிந்திருந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்கு மாற்றியாக வேண்டும். வி.பி.என். இணைந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியின் எண்ணைத் தட்டினால் திறப்பது டாக்டரின் குடும்ப ஆல்பம். அவர் வீட்டில் படம் சேமிக்கும் பெட்டிக்கும் அதே எண்.

“பதறாதீங்க டாக்டர். நர்ஸம்மாவையும் லைன்ல போடுங்க.”

ஸ்கேன் பெட்டியின் சொந்த எண்ணை அவர் தொடவில்லை. தொட்டால் அங்கே எல்லாம் படுத்துவிடும். தன் லேப்டாப்பைத் திறந்து, செல்லப் பெயர் வைப்பதுபோல, வி.பி.என். வழியாக வருபவர்களுக்கு மட்டும் அந்தப் பெட்டிக்கு வேறொரு எண் வைத்தார்.

“புது நம்பரைத் தட்டுங்க.”

“வந்திருச்சும்மா.”

“நம்பாதீங்க. உங்க வீட்டுப் பெட்டி வயரைப் பிடுங்கிட்டு மறுபடி திறங்க. குழந்தை பேரைப் படிங்க.”

டாக்டர் படித்தார். “அதே குழந்தைதான்” என்றார் நர்ஸ்.

பிறகு டாக்டர் ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கசிவு இல்லை. மாத்த வேண்டாம். அங்கயே வெச்சுப் பாருங்க.”

நர்ஸின் போனுக்குப் பின்னால் குழந்தையின் அம்மா உடைந்து அழுதது கேட்டது. அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது.

கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தங்கை, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சூட்கேசை நகர்த்தி ரவுட்டரை எடுத்தார். தூசி தட்டி, அக்காவின் மடியில் வைத்தார்.