முத்துச் சல்லடையில் டைனோசர் காலத்துப் பல்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ஏழு கிலோ மண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போனேன். கூடவே அப்பா. அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் தொல்லுயிர் ஆராய்ச்சி மாணவி. திங்கட்கிழமை ஊர்ப் பள்ளியில் எனக்கு வேலைக்கான நேர்காணல். மண்ணில் ஒரு பல்லாவது கிடைத்தால் ஆராய்ச்சியைத் தொடரலாம், இல்லையென்றால் பள்ளி வேலை. இதுதான் வீட்டில் பேச்சு. கிடைக்கும் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

யாருடைய பல்? மோர்கனுக்கோடான் குடும்பத்துப் பல். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் பூச்சி பிடித்துத் தின்ற, சுண்டெலி அளவிலான ஆதிப் பாலூட்டிகள். குடும்பமே பூண்டோடு போய்விட்டது. ஒரு பல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தால் பெரிது. கோதாவரிப் பக்கத்துப் பாறையை ஊறவைத்து, அலசி, காயவைத்த மண்தான் என் பையில். ஆய்வகச் சல்லடையின் கண் சதுரம். பல் மூலைவாட்டில் நழுவிவிடுகிறது. தூத்துக்குடி வியாபாரிகள் முத்துகளை அளவு பிரிக்கிற முத்துச் சல்லடையின் துளையோ வட்டம். இது தோன்றிய அன்றே பாதி ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன்.

காலை ஏழேகால் பஸ். நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம். ஆத்தூரில் வெற்றிலைக் கட்டுகள் ஏறியதும் என் பைக்கு இடமில்லை. "பையில என்னக்கா, சிமென்டா?" என்றார் கண்டக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எலிப்பல்லு தேடுதா தம்பி. எம்மெஸ்ஸி படிச்சிட்டு!" பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். கேட்டது நூற்றைம்பது, கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள். என் தோழியின் மாமனார் முத்து வியாபாரி, ஹைதராபாத்திலிருந்து வரும் முத்துகளைத் தரம் பிரித்து விற்கிறவர். சல்லடையை இரவல் கேட்டிருந்தேன். "சல்லடைய வெளிய குடுக்க மாட்டோம்மா. சரக்குதான் இங்கன வரணும்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தச் சுமை.

பித்தளைச் சல்லடைகளில் பெரிய துளையிலிருந்து தொடங்கினோம். முதலாவதில் வெறும் கல். அடுத்ததில் கல்லாகிப்போன மீன் செதில்கள். மதியம் தாண்டியது. அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சல்லடையில் தங்கியதை லென்ஸில் பார்த்தேன். ஒரே வரிசையில் மூன்று முனை, கீழே இரண்டு வேர். "அப்பா, கெடச்சிட்டு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன்.

முத்து வியாபாரி அண்ணாச்சிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "நல்ல முத்து வந்தா வெலைய வாயால சொல்ல மாட்டோம் சார்" என்று தன் கைமேல் துண்டைப் போட்டு அப்பாவிடம் நீட்டினார். "முழுக்கை புடிச்சா பத்து, வெரலுக்கு ஒண்ணு. வெலை வேண்டாம், இதோட வயசச் சொல்லுங்க பாப்போம்."

நான் பதறினேன். அப்பாவுக்கு எங்கே தெரியும்? ஆராய்ச்சியைப் பற்றி நான் பேச்செடுத்தாலே பேப்பரை விரித்துக்கொள்கிற மனுஷன். துண்டுக்குள் கை அசைந்தது. அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கினார்.

"பதினேழா? ஆயிரமா, லட்சமா?"

"கோடி" என்றார் அப்பா. "பதினேழு கோடி வருசத்துக்குக் கொறையாது. அந்தப் பாறையோட கணக்கு அது."

அண்ணாச்சி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்தான்.

இதே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் மண்ணை நன்றாகக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் துளை அடைத்து, சல்லடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். தெரிந்தவர் மூலம் சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிறு வேண்டாம். கிடைத்ததைப் பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்.

எங்களுக்கும் கிடைத்தது. உட்கார்ந்ததுமே அப்பா பள்ளித் தாளாளருக்குப் போன் போட்டார்.

"சார், திங்கக்கெழம எம் மக வர மாட்டா. இல்ல இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு வேல கெடக்கு."