யாரும் அளக்காத மழை

புனேயில், விஷ்ராந்த்வாடியில் நாலாம் வகுப்புக்கு நான் டீச்சர். 'ப்ராஜெக்ட்' என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா அம்மா ராத்திரியெல்லாம் தெர்மாகோல் அறுத்து ஒட்டுவார்கள், பிள்ளை தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். அந்த அழகுக்கு நான் மார்க் போடணுமாம்!

அதனால் அந்த மழைக்காலத்தில் கறாராகச் சொல்லிவிட்டேன். பாடம் மழை. நாலு பேர் ஒரு குழு. ஒருத்தர் மழையை அளக்கணும், ஒருத்தர் அதைக் கணக்காக்கி வரையணும், ஒருத்தர் மேகத்தைப் பற்றி எழுதணும், ஒருத்தர் மராத்தியில் பாட்டுக் கட்டணும். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது.

ஒரு குழுவில் அளக்கும் வேலை, என்னைப் போலவே தமிழ் பேசும் வீட்டுப் பெண்ணுக்கு. அப்பா ஹிஞ்சவாடிக்கு ஐ.டி. கம்பெனி கேப் ஓட்டுகிறவர். அவள் அம்மாதான் பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, மொட்டைமாடியில் செங்கல் முட்டுக்கொடுத்து வைத்தாள். தினமும் காலையில் தண்ணீரை ஸ்கேலால் அளந்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும்.

நடுவில் அந்த அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. என்னைவிடச் சின்னவள். துக்கம் கேட்கப் போன என்னால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ப்ராஜெக்ட்டையெல்லாம் வைக்கும் பள்ளிக் கண்காட்சி நெருங்கியது. அந்தக் குழுவின் வரைபடத்தில் அவள் வராத நாட்கள் காலியாகக் கிடந்தன. மேற்பார்வை மேடம், "சராசரி எடுத்து நிரப்பிடுங்க. அளக்கிற வேலையை வேற பிள்ளைக்குக் கொடுங்க" என்றார். மற்ற மூன்றும் ஒரே பிடிவாதம். "அது அவ வேலை மிஸ். அவ வந்து சொல்லுவா." நான் போட்ட சட்டம்தானே, அப்படியே விட்டேன். ஆனால் அவள் வந்து என்னத்தைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குக் கவலை.

காரியம் முடிந்து வந்தாள். பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். பாதிக்கு மேல் தண்ணீர். வகுப்பில் ஹிந்தியே பேசுகிறவள், அன்று தமிழில் திக்கித் திக்கிச் சொன்னாள்.

"மிஸ், யாரும் கொட்டல. எல்லா நாள் மழையும் இதுலதான் இருக்கு. எந்த நாள் எவ்ளோன்னு தெரியல. தப்பாயிடுச்சா?"

"அடி என் தங்கமே, தப்பே இல்லடி" என்றேன்.

நாலு தலையும் பாட்டில் மேல் குனிந்தன. அவளேதான் அளந்தாள். கணக்குப் போடும் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒல்லியான தினசரிக் கட்டங்களுக்கு நடுவே அத்தனை நாளுக்கும் சேர்த்து ஒரே அகலக் கட்டம் வரைந்தான்.

கண்காட்சியன்று மேடம் அந்த அகலக் கட்டத்தின் முன்னால் நின்று, "இது ஏன் இப்படி?" என்று கேட்டார். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அளந்தவள்தானே சொல்லணும்.

"இந்த நாள்லெல்லாம் என்னால அளக்க முடியல மேடம். எங்க அம்மா செத்துப்போயிட்டாங்க" என்றாள். கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "ஆனா மழை பெய்ஞ்சுது."