அவன் பஸ் ஏறட்டும் என்று

எங்கள் ஊர் மாஃபெட்டெங்கின் சந்தையில் நான் தக்காளி விற்கிறேன். பக்கத்துக் கடை மாலினேயோவுடையது. பொரித்த மாவு உருண்டை விற்பாள். அவளுக்கு வாய் நீளம். ஓசியில் கேட்ட போலீஸ்காரனை, "தொப்பிய அடகு வச்சிட்டு எடுத்துக்க" என்று விரட்டியவள்.

நவம்பர் கடைசியில் கிளினிக்கில் கருப்பைவாய்ப் பரிசோதனை நடந்தது. இருவரும் போனோம். எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு வெள்ளையாக ஒரு திட்டு.

"இது இன்னும் புற்றுநோய் இல்லம்மா. விட்டா ஆயிடும்" என்றார் நர்ஸ். "அந்தத் திட்ட உறைய வச்சுச் சரி பண்ணிடலாம். மிஷின்ல கேஸ் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க. அப்புறம் ஒரு மாசம் வீட்டுக்காரரோட சேரக் கூடாது."

அங்கேதான் சிக்கல். அவள் கணவன் மோலெஃபி எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வேலை செய்பவன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வருவான். எங்கள் ஊரில் சுரங்கக்காரன் பெண்டாட்டிக்கு டிசம்பரில் நோய்கூட வரக் கூடாது.

"வருஷமெல்லாம் காத்திருந்து வர்ற மனுஷன். வேணாம்னா, வேற எவன்டீன்னு கேப்பான்" என்றாள். "ஜனவரில அவன் பஸ் ஏறட்டும், மறுநாளே போறேன்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஜனவரியில் பஸ் போயிற்று, மோலெஃபி போகவில்லை. சுரங்கத்தில் ஆட்குறைப்பு. யாரோடும் பேசாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தான்.

"வேலையும் போயிருச்சு. இப்ப நானும் தள்ளிப் படுன்னு சொன்னா நொறுங்கிருவான்டி."

"அவன் நொறுங்குறது இருக்கட்டும், நீ செத்துத் தொலைவ!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சிரித்துவிட்டு எண்ணெயில் உருண்டைகளைப் புரட்டினாள். கிளினிக்கிலிருந்து அவள் கடைக்கே ஆள் அனுப்பினார்கள். அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றாள். கிடைக்கவே இல்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

பிறகு இரத்தம் நிற்கவில்லை. மோலெஃபியும் நானும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கெங்கோ பரவிவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

"முன்னாடியே தெரியுமாமே. ஏன் வரல?" என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி மோலெஃபி கேட்டான்.

மறைத்து என்ன ஆகப்போகிறது? சொன்னேன்.

"ஒரு மாசமா?" என்றான். "இருபது வருஷம் சுரங்கத்து ஹாஸ்டல்ல தனியாக் கெடந்தவன்க்கா நான். ஒரு மாசம் இருக்க மாட்டேனா?"

உள்ளேயிருந்து மாலினேயோ அவனைக் கூப்பிட்டாள். அவனால் எழுந்திருக்க முடியவில்லை.