உருவிய சட்டமும் கோணல் அடையும்

மகளின் பேறுகாலத்துக்காக மூன்று வாரம் பரமக்குடியில் இருந்தேன். திருப்புல்லாணிக்குத் திரும்பிய மறுநாள் தோப்பிலிருக்கும் தேனீப் பெட்டியைத் திறக்கப் போனால் மூடி அசையவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தென்னை தள்ளி நின்றார். தப்புச் செய்திருந்தால் மனுஷன் தூரத்தில்தான் நிற்பார்.

"என்ன செஞ்சீக?"

"வெயிலு கொளுத்துது, உள்ள நெருக்கமா கெடந்துச்சு. காத்தோட்டமா இருக்கட்டும்னு ஓரத்துச் சட்டத்த உருவிட்டேன். அது காலியாத்தான் இருந்துச்சு."

வீட்டில் ஒரு பல்பு மாற்ற ஒரு மாதம் ஆகும். யாரும் கேட்காத வேலை என்றால் அன்றைக்கே முடிந்துவிடும். தேனீக்களுக்கு ஃபேன் மாட்டாமல் விட்டாரே, அது வரைக்கும் சந்தோஷம்.

பெட்டிக்குள் ஏழு மரச்சட்டங்கள் இருக்க வேண்டும். அவற்றில் கட்டிய மெழுகு அடைகளில்தான் ராணி முட்டையிடும், புழுக்கள் வளரும். சட்டத்துக்குச் சட்டம் தேனீ நடமாடும் அளவுக்குத்தான் சந்து விடலாம். கூட விட்டால் அவை சும்மா இருக்காது, தங்கள் இஷ்டத்துக்கு ஒரு அடையைக் கட்டிவிடும். இவர் விட்டதோ ஒரு முழுச் சட்டத்து இடம். மூடியிலிருந்தே அடையைத் தொங்கவிட்டு, கோணலாக வளைத்து, பக்கத்து அடையோடு ஒட்டியும் வைத்திருந்தன.

இருப்பது இந்த ஒரு பெட்டி. போன வருஷத்துக் கூட்டம் ஒரு நாள் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. இப்போது அறுக்கிற அறுப்பில் ராணிக்கு ஏதாவது ஆனால் இதுவும் நிலைக்காது.

மூடியை லேசாக நெம்பி, கத்தியைச் செருகி அறுத்தேன். வெள்ளை வெளேரென்ற புது அடை, அறை அறையாகப் புழு. தூக்கி வீச மனசு வரவில்லை. அந்தக் காலிச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினால் தேனீக்களே ஒட்டிக்கொள்ளும். அடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திரும்பினேன். இவர் மகளுக்கு அனுப்புவதற்காக செல்போனில் படம் பிடித்தபடி, "மெதுவா, மெதுவா" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

"படம் புடிச்சது போதும். சட்டத்தக் கொண்டாங்க."

அவர் செல்போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்தா, அசையாத. ஒன் தோள்ல நீளமா ஒண்ணு நடக்குது."

ராணி. புது அடையில் முட்டையிட வந்தது என் மேல் ஏறியிருக்கிறது. கையிலோ அடை. உதறினால் புல்லில் விழும், அப்புறம் எங்கே தேடுவது? அதற்குள் மற்ற தேனீக்கள் தோளில் மொய்க்க ஆரம்பித்துவிட்டன.

ஒரு தேனீ வந்தாலே துண்டை உதறிக்கொண்டு ஓடுகிற மனுஷன், செல்போனைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தார். தேனீக்களோடு சேர்த்து ராணியை உள்ளங்கையில் அள்ளினார். கையைப் பெட்டிக்குள் இறக்கி, ராணி சட்டத்துக்கு நடுவில் நுழைகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தார். கொட்டுவது எனக்கே தெரிந்தது. அவர் சத்தம் காட்டவில்லை. பிறகு போய்ச் சட்டத்தை எடுத்து வந்து கொடுத்தார். நான் அடையைக் கட்டி உள்ளே வைத்து மூடினேன்.

மத்தியானம் அவருக்கு வலது கை வீங்கி விரல் மடங்கவில்லை. நானே குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஊட்டியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"ஒங்கள யாரு கையக் குடுக்கச் சொன்னது?" என்றேன்.

மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"போன வருசம் அதுக போனப்ப நீ ரெண்டு நாளு சாப்புடல. நான் மட்டும் தனியா உக்காந்து தின்னேன். இன்னொரு தடவ அது என்னால ஆகாது."

அடுத்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகப் பிடித்தேன்.