பஞ்சாமிர்தக் கடையில் ஒரு வினையூக்கி

போன சனிக்கிழமை மலைமேல் எங்கள் நாயுடுபுரத்தில் விடாத சாரல். ஜன்னல் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துக் கிடந்தது. அதன் மேல் விரலால் அம்பு அம்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி கமலா.

எம்.எஸ்ஸி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு பொருள் எப்படிப் படிப்படியாக இன்னொன்றாக மாறுகிறது... அதைச் சொல்வதுதான் அந்த அம்புகள். மெக்கானிசம் என்று பெயராம்.

"இது என்ன?" என்றேன்.

"எஸ்டர். வாழைப்பழ வாசனை அடிக்கும்" என்றவள், சட்டென்று நிறுத்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அந்த வாசனையிலேயே வளர்ந்தவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பையனை — அதாவது என்னை — கட்டிக்கொண்டதிலிருந்து அப்பா பேசுவதில்லை. அவள் மட்டும் அவ்வப்போது கடைக்குப் போவாள். நான் எதிர்ச் சாரியில் நிற்பேன். ஒரு வார்த்தை கிடைக்காமல் திரும்பி வருவாள். பஸ் மலையேறி முடிக்கும் வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வருவாள்.

பேச்சை மாற்ற எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரியை எடுத்துவிட்டேன். "இந்த வினையூக்கி என்னை மாதிரிதானே? எதுலயும் கலந்துக்காது. ஓரமா நின்னு வேகப்படுத்தும்."

"எங்க ஸ்கூல் பிள்ளைங்க எழுதுற அதே தப்பு" என்று ஓர் அம்பைத் தொட்டுக் காட்டினாள். "இங்க ஆசிட்தான் வினையூக்கி. அதோட புரோட்டான் முதல்ல உள்ள போயி ஒட்டிக்கிடணும். அப்பத்தான் மத்ததெல்லாம் வெரசா நடக்கும். சோலி முடிஞ்ச பிறகுதான் வெளிய வரும். ஓரமா நின்னா ஒண்ணும் நடக்காதுங்க."

அவள் பாடத்தைத்தான் சொன்னாள். எனக்கு அந்த எதிர்ச் சாரி ஞாபகம் வந்துவிட்டது. மரியாதை என்று நினைத்துத்தான் அங்கே நின்றேன். மாமனார் கண்ணுக்கு அது எப்படிப் பட்டதோ? எத்தனை வீடுகளில் இப்படி நல்லவர்கள் எல்லாம் ஓரமாகவே நின்று காலத்தை ஓட்டுகிறோம்!

மறுநாளே பழனிக்கு பஸ் ஏறினோம். இந்த முறை நானும் கடைக்குள் போனேன். உள்ளே விருப்பாச்சி வாழைப்பழம் மலையாகக் குவிந்திருந்தது. மாமனார் கமலாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனிந்து பழம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். கமலா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

தலை நிமிராமலே ஒரு சீப்பை என் பக்கம் தள்ளினார்.

"சும்மா நின்னா எப்படி மாப்பிள்ளை? கூட்டம் வந்துரும். உரிங்க."

கமலா அழுவது கேட்டது. நான் நிமிரவில்லை. மாமனார் எனக்குச் சொன்ன முதல் வேலை — நார் ஒட்டாமல் உரிக்க வேண்டாமா?